வுடட்டுமா?

கற்பூரத்தைக் கொளுத்தி என் முன்னால் வையுங்கள். உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறேன். இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஒரு புள்ளிகூட நானாகக் கூட்டி வைத்ததில்லை. குணாளனுக்கு நடந்தது இது. அவன் வலது மணிக்கட்டில் இருக்கும் தழும்பை நான் தொட்டே பார்த்திருக்கிறேன். மனசு இளகினவர்கள், பக்கத்தில் யாராவது இருக்கும்போது படியுங்கள். பகலில் படித்தால் ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். இது நடந்ததே பட்டப் பகலில், உச்சி வெயிலில். இருட்டுக்காகக் காத்திருந்து வருகிற பேய்க்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கிறது. பகலில் வருகிறது என்றால், அதற்கு யாரைக் கண்டும் கவலையில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குள் திரும்பும் சாலையில், லாரி எடை போடும் மேடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் குணாளனின் தகரக் கொட்டகை இருக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் சீமைக்கருவேலம். அதற்கும் பின்னால் சுடுகாடு. வாடகை குறைவு என்று பிடித்த இடம். செய்வது கமான் பட்டை வேலை. லாரிச் சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்களே, வண்டியின் பாரத்தை எல்லாம் வாங்கிக்கொள்வது, அதுதான் கமான் பட்டை. அது உடைந்தாலோ, அதை வண்டியோடு பிணைக்கும் போல்ட்டு தேய்ந்தாலோ குணாளனிடம்தான் வருவார்கள். நாற்பத்தைந்து வயது. வலது கைதான் மூலதனம். மனைவி புவனேஸ்வரிக்கும் இரண்டு பெண்களுக்கும் சோறு போடுவது அந்தக் கைதான்.

கூட வேலை செய்பவன் வரதன், புவனேஸ்வரியின் தம்பி. முப்பது வயசு ஆள், எருமை பலம். வேலையில் கெட்டி, வாய்தான் கொஞ்சம் நீளம். நடந்ததை நடந்தபடி சொன்னால் அவனுக்கு நாக்கு அரிக்கும். கொட்டகைக்குள் பாம்பு வந்தால் அது இவனிடம் வழி கேட்டுவிட்டுப் போனதாகச் சொல்வான்.

அந்தக் கொட்டகையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குணாளன் தொழில் கற்ற இடத்திலேயே இருந்தது, அவனும் கொண்டுவந்தான். வண்டிக்கு அடியில் ஆள் இருக்கும்போது "வுடு" என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. நம் பக்கத்தில் அந்தச் சொல் இல்லாமல் பேச்சே கிடையாது. சண்டை வந்தால் "வுடு மச்சான்". கவலைப்பட்டால் "அத்த வுடுபா". பேருந்து போய்விட்டால் "வுடு, அடுத்தது வரும்". ஆனால் வண்டிக்கு வெளியே ஒருவன் கடப்பாரையை நெம்பிப் பாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அடியில் ஒருவன் கையை உள்ளே விட்டிருக்கிறான் என்று வையுங்கள். அந்த நேரம் யாரோ எதற்கோ "வுடு" என்றால், பிடித்தவன் தன்னைத்தான் சொன்னார்கள் என்று விட்டுவிடுவான். அதனால் அங்கே இரண்டே சொல்தான். பிடிக்க வேண்டுமென்றால் "புடி". தளர்த்த வேண்டுமென்றால் "எறக்கு". தப்பித் தவறி அந்த மூன்றாவது சொல்லைச் சொன்னவன் உதட்டில் கிரீஸைத் தடவிவிடுவார்கள். வரதன் ஆரம்பத்தில் நிறைய கிரீஸ் தின்றிருக்கிறான்.

ஆவணி மாதம் அது. காலையில் குணாளன் வந்தபோது கொட்டகையில் ஒரு மீன் வண்டி நின்றது. நீலநிற மினி லாரி. நான்கடிக்கு அப்பாலேயே கவுச்சி.

"யாருது?"

"பழவேற்காட்டு முத்தம்மாது, மாமா. நேத்து நீ ஊட்டுக்குப் போனப்புறம் வந்து நிறுத்திட்டுப் போனாங்கோ. பின்னாடி லெஃப்ட்டு கமான் போல்ட்டு ஆடுதாம். மத்தியானம் வந்து எடுத்துக்குவாங்களாம். அந்தம்மா வாய் பேஜாரு மாமா. வேலைய முடிச்சி அனுப்பிச்சிடு."

குணாளன் குனிந்து பார்த்தான். பெருமூச்சு வந்தது. மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் வருஷக்கணக்காக அந்த போல்ட்டின் மேலேயே சொட்டியிருந்தது. இரும்பு என்று சொல்ல முடியாது. துருவும் உப்பும் சேர்ந்து காய்ந்த ஒரு கட்டி. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார்கள். ஸ்பானரில் பைப்பைச் செருகி இரண்டு பேரும் தொங்கினார்கள்.

டக்.

போல்ட்டின் தலை மட்டும் முறிந்து கையோடு வந்தது. உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது. வெட்டி எடுக்கலாம் என்றால் கரண்ட் இல்லை. அத்திப்பட்டில் மின்சாரத்தைக் காய்ச்சி ஊருக்கெல்லாம் ஊற்றுகிறார்கள். அன்றைக்குப் பராமரிப்பு என்று சொல்லி நமக்கு மட்டும் நிறுத்திவிட்டார்கள். கேஸ் வைத்துச் சூடாக்கலாம் என்றால் பக்கத்திலேயே டீசல் டேங்கு. ஒரே வழிதான் மீதி. உள்பக்கமிருந்து ஒரு இரும்புத் தண்டை வைத்து, சுத்தியால் அடித்து அடித்து, உடைந்த துண்டை வெளியே தள்ள வேண்டும். அப்படித் தள்ளும்போது பட்டையின் பாரம் போல்ட்டை அழுத்தாமல் இருக்க, வெளிப்பக்கம் ஒருவன் நின்று பட்டையைக் கடப்பாரையால் நெம்பிப் பிடிக்க வேண்டும்.

ஜாக்கி ஏற்றினார்கள். குணாளன் அடியில் போய் மல்லாந்து படுத்தான். வரதன் வெளியே நின்றான். வண்டியின் பக்கத் தகடு தாழ்வாக இறங்கியிருந்ததால், குணாளனுக்குத் தெரிந்ததெல்லாம் வரதனின் பாதங்கள் மட்டும்தான். கடப்பாரை மறுபக்கத்திலிருந்து வருவதால் அதுவும் கண்ணில் படாது.

"புடி."

"புடிச்சிட்டேன் மாமா."

அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். நகரவில்லை. சிப்காட்டில் மத்தியானச் சங்கு ஊதியது. சாலையில் போக்குவரத்து அடங்கியது. பக்கத்துக் கொட்டகையில் சுத்திச் சத்தம் நின்றது. எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

"மாமா, ஒரு நிமிஷம். எதுத்தாப்ல எவனோ கூப்புடுறான். அடியில கட்டைய குடுத்துட்டேன். இதோ வந்துடறேன்."

"சீக்கிரம் வாடா. சாப்புட உக்காந்துடாத."

வரதனின் பாதங்கள் வெயிலுக்குள் நடந்து மறைந்தன.

குணாளன் கண்ணை மூடினான். தகரக் கூரை வெயிலில் விரிந்து டிக்... டிக்... என்றது. எங்கேயோ ஒரு காக்கை. அப்புறம் அதுவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம். சரக்... சரக்... மண்ணை இழுத்து வரும் நடை. பாதங்கள் வந்து அதே இடத்தில் நின்றன.

"வந்துட்டியா?"

"ம்."

"புடி."

பட்டை மேலே எழும்பியது. குணாளனுக்கு முதலில் உறுத்தியது அதுதான். வரதன் பிடிக்கும்போது கடப்பாரை இரும்பில் உரசிக் கிரீச்சென்று கத்தும். மூச்சு முட்டுவது கேட்கும். இப்போது ஒரு சத்தமும் இல்லை. யாரோ பாயைத் தூக்குவது போல எழும்பியது. அடியில் கொடுத்திருந்த கட்டை தானாகக் கழன்று, டொக்கென்று விழுந்து உருண்டு போனது.

சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான் போல, அதுதான் தெம்பு என்று நினைத்துக்கொண்டான். அடித்தான். மூன்றாவது அடிக்கு போல்ட்டு அசைந்தது.

சந்தோஷத்தில் ஓங்கி அடித்தான். தண்டு வழுக்கி, பட்டைக்கும் அதைத் தாங்கும் இரும்புக்கும் நடுவில் விழுந்தது. எடுக்கக் கையை விட்டான். வலது கை. மணிக்கட்டு வரைக்கும்.

பட்டை ஒரு நூல் இறங்கியது.

வலிக்கவில்லை. ஆனால் கை வெளியே வரவில்லை. மேலே பட்டை, கீழே இரும்பு, நடுவில் மணிக்கட்டு. இன்னும் ஒரு விரல்கடை இறங்கினால் எலும்பு மாவாகிவிடும். தாங்கக் கட்டை இல்லை. இப்போது அவன் கைக்கும் அந்தப் பாரத்துக்கும் நடுவில் இருப்பது வெளியே நிற்பவனின் பிடி மட்டும்தான்.

"வரதா... கை மாட்டிக்கிச்சி. கொஞ்சம் தூக்கு."

பட்டை அசையவில்லை.

"டேய். தூக்குடா."

சொட்... சொட்... எங்கேயோ தண்ணீர் சொட்டியது. அப்புறம் ஒரு குரல். தொண்டையில் நீர் கோத்துக்கொண்ட குரல்.

"வுடட்டுமா?"

குணாளனின் முதுகு சில்லிட்டது.

அந்தக் கொட்டகையில் யாரும் கேட்காத கேள்வி. வரதன் சத்தியமாகக் கேட்க மாட்டான். விளையாட்டுக்குக்கூட. அவ்வளவு கிரீஸ் தின்றவன்.

மெல்லத் தலையைத் திருப்பி அந்தப் பாதங்களைப் பார்த்தான்.

வரதனுக்குக் கறுப்பு வார் போட்ட செருப்பு. இது நீலம். பாதங்கள் ஊறி வெளுத்திருந்தன, வெகுநேரம் தண்ணீரில் கிடந்த மாதிரி. அவற்றைச் சுற்றித் தரை நனைந்திருந்தது. மழை பெய்து வாரக்கணக்காகிவிட்டது.

இன்னொன்றையும் பார்த்தான்.

இரண்டு செருப்பும் இடது கால் செருப்பு.

இடது கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். வரதன் பெயரைத் தொட்டான். மணி அடித்தது. போனில் மட்டும். வெளியே எந்தச் சத்தமும் இல்லை.

"சொல்லு மாமா."

"நீ... எங்கடா கீற?"

"எடை மேடையாண்ட. ஒருத்தருக்கு டயரு மாட்டிக்கிச்சி, கழட்டிக் குடுத்துக்கினு கீறேன். இன்னா அவசரம்? சாப்டியா?"

போன் கையிலிருந்து நழுவியது. வரதனின் குரல் மண்ணுக்குள் "மாமா... மாமா..." என்று கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது.

உப்பு வாடை. மீன் கவுச்சி இல்லை, அது வேறு. இது ஏரித் தண்ணீர் வற்றி, சேறு காய்கிறபோது வரும் வாடை.

"கை வலிக்குது... வுடட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வுடாதே என்று கத்த வாய் வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினான். அந்தச் சொல்லின் முன்பாதி எது? வெளியே நிற்பது முழுசாகக் கேட்கும் என்று என்ன நிச்சயம்?

"புடி," என்றான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. "புடி... புடி நைனா. புடிச்சிக்கோ."

"ம்."

சொட்... சொட்...

குலசாமியைக் கூப்பிட்டான். சின்னப் பெண்ணின் முகம் வந்தது. வலது கை இல்லாத மெக்கானிக்கை யார் கூப்பிடுவார்கள் என்ற நினைப்பும் வந்தது. கையை உருவிப் பார்த்தான். தோல் உரிந்தது. வரவில்லை.

"வுடட்டுமா?"

"புடி."

"வுடட்டுமா?"

"புடி!"

கேள்விக்கும் கேள்விக்கும் நடுவில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

அப்போது...

கிளிங்... கிளிங்...

மெட்டிச் சத்தம். வெயிலிலிருந்து இன்னொரு ஜோடிக் கால்கள் வந்தன. பெண் கால்கள். சேலைக் கரையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. முத்தம்மா.

குணாளனுக்கு உயிர் வந்தது. அம்மா, ஓடிப்போய் யாரையாவது கூப்பிடு என்று சொல்ல வாயைத் திறந்தான்.

முத்தம்மா அவனிடம் பேசவில்லை.

வெளியே நின்ற அந்தப் பாதங்களிடம் பேசினாள்.

"யோவ்! இங்கதான் கீறியா? ஊர்ல எவன் வேலையா இருந்தாலும் நீதான் போய்ப் புடிச்சிக்கினு நிப்பியா? கை இன்னாத்துக்கு ஆவும்? ஒரு தபா பட்டது போதாது?"

சொட்... சொட்...

"சொல்றது காதுல வுழுதா, இல்லியா?"

வேண்டாம். வேண்டாம். அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதே, தாயே.

"வுடுய்யா அத்த!"

குணாளன் அலறினான். கண்ணை மூடிக்கொண்டான்.

பட்டை...

விழவில்லை.

எழும்பியது. மேலே. இரண்டு விரல்கடை உயரம். ஜாக்கியை விட்டு வண்டியே எழும்பியது போல.

"கைய எடு, நைனா," என்றது அந்தக் குரல். மெதுவாக. பிரியமாக.

எடுத்தான்.

டமார்!

கொட்டகை அதிர்ந்தது. துருவும் உப்பும் அவன் முகத்தில் கொட்டின. எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்குத் தெரியாது. முழங்கையால் ஊர்ந்து, மறுபக்கமாக வந்து விழுந்து, எழுந்து, வண்டியைச் சுற்றி ஓடிவந்து பார்த்தான்.

முத்தம்மா மட்டும் நின்றிருந்தாள். வெற்றிலை மென்றுகொண்டு.

"இன்னா நைனா, போல்ட்டு வந்துச்சா?"

"யாராண்ட... யாராண்ட பேசின?"

"இன்னா கேள்வி இது? எங்க ஊட்டுக்காரராண்டதான்."

"எங்க அவுரு?"

மோவாயால் கொட்டகைக்குப் பின்னால் காட்டினாள். கருவேலம் அசையாமல் நின்றது. அதைத் தாண்டினால் சுடுகாடு. தரையில் ஈரச் செருப்புத் தடம் அந்தப் பக்கம் போனது. எல்லாமே இடது கால் தடம். வெயிலில் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"அங்கதான் போனாரு," என்றாள் முத்தம்மா. "அவுரு எங்க போனாலும் அங்கதான் போவாரு."

குணாளன் சாலைக்கு ஓடினான். செருப்பில்லாமல், கொதிக்கிற தாரில். எதிரே வரதன் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தான். தோளில் கடப்பாரை.

குணாளன் அதையே பார்த்தான்.

"இத்த... இத்த எப்ப எடுத்துக்கினு போன?"

"அப்பவே மாமா. டயரு நெம்ப வாணாவா? நம்மகிட்ட கீறதே இந்த ஒண்ணுதான?" குணாளனின் மணிக்கட்டைப் பார்த்தான். "இன்னா மாமா ரத்தம்?"

அப்படியென்றால் அந்தப் பட்டையை எதனால் பிடித்தது?

வெறும் கையாலா?

சாலையோரமாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டான் வரதன். முத்தம்மாவின் ஊட்டுக்காரர் என்றதும் அவன் முகம் மாறியது. கடப்பாரையைக் கீழே வைத்தான். அக்கம்பக்கம் பார்த்தான்.

"நாகமுத்தா? மாமா... நான் சொல்றேன்னு பயப்படாத. அவுரு போன வருஷம் ஆடியிலயே செத்துப் பூட்டாரு."

"டேய்..."

"எங்க அக்கா மேல ஆணை. இதே வண்டி. இதே லெஃப்ட்டு சைடு. பழவேற்காட்டு ஏரிக் கரையில பஞ்சராகி நின்னுதாம். இவுரு அடியில கீறாரு. இன்னொருத்தன் வெளிய புடிச்சிக்கினு கீறான். முத்தம்மா வந்து புருஷனாண்ட ஏதோ பழைய சண்டைய எடுத்துச்சாம். எடுத்துட்டு, 'சரி, அத்த வுடு'ன்னுச்சாம். புடிச்சவன் வுட்டுட்டான்." வரதன் குணாளனின் வெறுங்காலைப் பார்த்தான். "ஒத்தக் காலு செருப்பு தண்ணியோட போயிடிச்சாம் மாமா. பாடியோட இன்னொரு எடது செருப்பப் போட்டுத்தான் அனுப்பிச்சாங்களாம். அதனாலதான் நான் அந்த வண்டிக்கு அடியில போவல. உன்னாண்ட எப்படிச் சொல்றதுன்னுதான் எடை மேடைப் பக்கமா போய் நின்னுக்கினு இருந்தேன்."

அதற்கு மேல் குணாளனால் அவனைத் திட்ட முடியவில்லை. அன்றைக்கே காய்ச்சல். ஆரணியாற்றுப் பக்கத்துத் தர்காவில் மந்திரித்த கயிறு கட்டிய பிறகுதான் இறங்கியது. வண்டியைப் பக்கத்துக் கொட்டகை அன்புராஜும் வரதனும் சேர்ந்து முடித்து அனுப்பினார்கள். போல்ட்டுத் துண்டு ஒரே தட்டில் வந்து விழுந்ததாம். சாயங்காலம் வண்டியை யார் ஓட்டிக்கொண்டு போனார் என்று குணாளன் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

அந்தத் துண்டு இன்னும் கொட்டகை மாடத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. எத்தனை முறை துடைத்து எண்ணெய் போட்டாலும், அமாவாசைக்கு அமாவாசை அதன்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. நானே பார்த்தேன். நக்கிப் பார்க்கச் சொன்னார்கள், அதை மட்டும் செய்யவில்லை.

மத்தியானச் சங்கு ஊதினால் குணாளன் இப்போது சுத்தியைக் கீழே வைத்துவிட்டு சாலைக்கு வந்து நின்றுகொள்கிறான். வீட்டில்தான் கஷ்டம். தோசைக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் வுடட்டுமா என்று புவனேஸ்வரி ஒரு நாள் அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறாள். மனுஷன் தட்டைப் போட்டுவிட்டு, வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "புடி, புடி" என்று கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடிவிட்டான்.

வெளியே நின்று பிடித்தது யார், எதனால் பிடித்தது, ஏன் அவன் கையை விட்டுவைத்தது... இன்றுவரை விடை இல்லை. வரதனைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறான். குணாளன் காதைப் பொத்திக்கொள்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி மீன் மார்க்கெட்டில் குத்துக்கல் மாதிரி உயிரோடு உட்கார்ந்து எனக்கு மடவை மீனைச் செதில் சீவி வெட்டிக் கொடுத்தவர், முத்தம்மாவின் புருஷன் நாகமுத்து.